கேன்யனுக்குப் போகுமுன்

புதுச்சேரி, முத்தியால்பேட்டை
பங்குனி கடைசி

அன்புள்ள சேகர்,

ஐப்பசியில் மகள் வீட்டுக்கு அரிசோனா போகும்போது கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம்.

தென்விளிம்பில் மேத்தர் முகாமுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும். அக்டோபர் 20 என்றால் ஏப்ரல் 20. மகளிடம் இப்போதே சொல்லிவை. அந்த இடம் 7,000 அடி உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. அக்டோபர் ராத்திரி 2 டிகிரிக்கு இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாதே. அந்தக் குளிரில் தாக்குப்பிடிக்கலாம், தூக்கம் வராது. மைனஸ் 5 போட்டதாக வாங்கு. அடியில் கனமான பாயும் வேண்டும். குளிர் பாதி தரையிலிருந்துதான் ஏறும்.

மலையில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே தலைகீழ். தெம்பாக இறங்கிவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டும். ஆயிரம் அடி இறங்கினால் சுமார் 3 டிகிரி சூடும் கூடும். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்வு மண்டபத்தோடு திரும்பிவிடு. இறங்க ஒரு மணி நேரமானால் ஏற இரண்டு மணி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு நடந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி வரும். உப்பு போட்டு வறுத்த பண்ருட்டி முந்திரி கால் கிலோ பையில் இருக்கட்டும்.

ஆனால் அந்த முந்திரியைப் பாறை அணிலிடம் நீட்டிவிடாதே. அங்கே மனிதரை அதிகம் கடிப்பது அதுதான். கை நீட்டிப் பழக்கியவர்களால் வந்த வினை. கூடாரத்துக்குள் பிஸ்கட், பற்பசை எதுவும் கூடாது. எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி. எல்க் மான் முகாமுக்குள்ளேயே மேயும். இலையுதிர் காலம் அதற்கு இணைசேரும் பருவம், ஆண் மான் முரட்டுத்தனமாக இருக்கும். நூறடி தள்ளியே நில்.

அங்கே உன் கண்ணில் படவேண்டியது கலிபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி. 1982இல் உலகத்திலேயே 22தான் மிச்சம். 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, 1996இல் அரிசோனாவில் பறக்கவிட்டார்கள். இன்றும் அதைக் கொல்வது ஈயம். பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலில் தோட்டாத் துகள் கிடக்கும். அதைத் தின்று சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிமருந்து ஊசி, செத்த மாட்டைத் தின்ற நம் பாறுக் கழுகுகளைக் கொன்றதே, அதே கதை. அங்கே இன்னொன்றும் உண்டு: பாட்டில் மூடி, கண்ணாடிச் சில்லு, காசு இவற்றைப் பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிடும். குஞ்சு செத்துப்போகும். கூடாரம் பிரித்த பிறகு தரையைக் கையால் தடவிப் பொறுக்கு, சேகர்.

வெயில் ஏறிப் பாறை சூடானபின், லுக்அவுட் ஸ்டூடியோ பக்கம் நின்று பார். 8x42 பைனாகுலர் போதும். இறக்கையை ‘வி’ போல் தூக்கித் தள்ளாடிப் பறந்தால் அது வான்கோழிப் பிணந்தின்னிக் கழுகு. பலகைபோல் ஆடாமல் மிதந்தால், முன்னிறக்கை அடியில் வெள்ளை முக்கோணம் தெரிந்தால், வளர்ந்த காண்டர். இறக்கையில் எண் அட்டை இருக்கும். அந்த எண்ணைக் குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
கோவிந்தன்