முதல் மூச்சும் நுரையீரல் நாளங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தையின் முதல் அழுகையைப் பற்றிய தங்கள் கட்டுரை, நுரையீரல் விரிவதைக் கூறிவிட்டு அதன் இரத்த நாளங்களை மறந்துவிட்டது குறையாகவே பட்டது. கருவில் நஞ்சுக்கொடியே ஆக்சிஜனைத் தருவதால், நுரையீரல் தமனிகள் சுருங்கியே இருக்கும். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சிறு பங்கே அங்கு செல்லும். முதல் மூச்சில் காற்றறைகள் விரிந்து ஆக்சிஜன் ஏறியதும், நாளங்களின் உட்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவையும் புரோஸ்டாசைக்ளின் என்னும் வேதிப்பொருளையும் கூடுதலாகச் சுரக்க, தமனிகள் தளர்ந்து, அங்கு பாயும் இரத்தம் ஏறத்தாழ 8 முதல் 10 மடங்கு வரை பெருகுகிறது.

இத்தளர்வு நிகழாத குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். வாகனப் புகையில் மாசாகக் கருதப்படும் அதே நைட்ரிக் ஆக்சைடை (வியப்புதான்!) இக்குழந்தைகளுக்கு மிகச் சிறிய அளவில் சுவாசிக்கக் கொடுக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 1999-இல் ஒப்புதல் அளித்தது. இதையும் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்