நேற்று வந்தவரும் பழைய பஞ்சாங்கமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பணியிடங்களில் தலைமுறை இடைவெளி குறித்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மூத்தவர்கள் விசுவாசிகள், ஆனால் மாற்றம் என்றால் மிரள்வார்கள். இளையவர்கள் துடிப்பானவர்கள், ஆனால் ஓரிடத்தில் தங்க மாட்டார்கள். இப்படிப் பிறந்த ஆண்டை வைத்தே ஆளுக்கொரு குணம் எழுதிவிட்டார் கட்டுரையாளர். உங்கள் இதழின் ராசிபலன் பக்கத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள், பேபி பூமர், மில்லெனியல் என்று பிறந்த ஆண்டை வைத்துச் சூட்டும் தலைமுறைப் பெயர்களையெல்லாம் ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஊழியர்களை நிர்வகிக்க இந்தப் பிரிவுகளை நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. காரணம் எளிது. இன்று ஒரு 25 வயதுக்காரரையும் 55 வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் வேறுபாடு வயதால் வந்ததா, பிறந்த காலத்தால் வந்ததா, இந்த ஆண்டு வேலைச் சந்தை இருக்கும் இருப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். அடிக்கடி வேலை மாறுவதை இக்காலத்துப் பிள்ளைகளின் குணம் என்கிறீர்கள். எந்தக் காலத்திலும் இளம் வயதில்தான் அதிகம் மாறியிருக்கிறார்கள். குடும்பமும் கடனும் சேர்ந்த பிறகு யாரும் அவ்வளவு சுலபமாக நகர்வதில்லை.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. ஒரு கணக்கில் தவறு வருகிறது. செய்தவருக்கு 57 வயது என்றால் "வயசாயிடுச்சு, இனி இவரால் முடியாது" என்கிறோம். 23 என்றால் "நேத்து வந்த பொடியன், பொறுப்பு எங்கே இருக்கும்?" என்கிறோம். அதே தவறை 38 வயதுக்காரர் செய்தால் அது வெறும் தவறு. திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நடுவயதுக்காரருக்கு மட்டும் அலுவலகத்தில் வயதே கிடையாது. கேள்வி கேட்டாலும் இதே கதைதான். இளையவர் கேட்டால் ஆர்வம், மூத்தவர் கேட்டால் இயலாமை. அதனால் மூத்தவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார். அவருக்கு மேலாளராக வந்த இளையவரோ, பெரியவரைத் திருத்துவது மரியாதையாக இருக்காது என்று வாயைத் திறப்பதில்லை. இருவருமே நல்லவர்கள்தான், ஆனால் தவறுகள் மட்டும் குவிந்துகொண்டே போகும். கடைசியில் பழி தலைமுறை இடைவெளியின் தலையில் விழும்.

வயதாக ஆக வேகம் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையின் வேகம் வேறு, விரலின் வேகம் வேறு. உளவியலாளர் திமத்தி சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். ஒரு சைகை தெரிந்ததும் விரலை அசைக்கும் வேகத்தில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள்; தட்டச்சு வேகத்தில் பின்தங்கவில்லை. இளையவர்களைவிட இன்னும் சில எழுத்துகள் முன்னாலேயே கண்ணை ஓட்டி, குறைந்த வேகத்தை ஈடுகட்டியிருந்தார்கள்.

தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2007இல் ஓர் உற்பத்தி வரிசையில் சராசரி வயது 47 வரும்படி ஆட்களை அமர்த்தினார்கள். மற்ற தொழிலாளர்கள் அதற்கு 'பென்ஷன்காரர் வரிசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்று அங்கே வேலை செய்தவர்களையே கேட்டார்கள். மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது என்று சுமார் 70 சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. மரத்தரை இளைஞனின் முழங்காலுக்கும் நல்லதுதானே.

வயதுப் பாகுபாடு என்றாலே முதியவர்கள் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அப்படித்தான். வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே பாதுகாப்புத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறையோ எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. அதன் பயன் 2010இல் ஒரு வழக்கில் தெரிந்தது. பணிநீக்கத்துக்கு எத்தனை மாத முன்னறிவிப்புத் தருவது என்று கணக்கிடும்போது, 25 வயதுக்கு முன் செய்த வேலையைச் சேர்க்க வேண்டியதில்லை என்று ஜெர்மனியின் சட்டம் சொன்னது. 18 வயதில் சேர்ந்து பத்து ஆண்டுகள் உழைத்த ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்டுகள் மட்டுமே கணக்கில் வந்தன. இது வயதுப் பாகுபாடு, செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளமையில் உழைத்த ஏழு வருடங்களை உழைப்பே இல்லை என்று ஒரு சட்டம் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இளையவர் மூத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டைக் கட்டுரையாளர் வெகுவாகப் பாராட்டுகிறார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அப்போதைய தலைவர் ஜாக் வெல்ச் 1999இல் தன் உயரதிகாரிகள் 500 பேரை, இளையவர்களிடம் இணையம் கற்றுக்கொள்ள அனுப்பியதிலிருந்து இது பிரபலம். எனக்கு இதில் அரைமனம்தான். இயந்திரம் இளையவருக்கு, மனிதர்களைக் கையாளும் பக்குவம் மூத்தவருக்கு என்ற பழைய பிரிவினையை இது இன்னும் இறுக்குகிறது. மென்பொருளில் கெட்டிக்காரரான 60 வயதுக்காரரை எனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் கோபத்தை இரண்டே வாக்கியத்தில் தணிக்கும் 24 வயதுப் பெண்ணையும் தெரியும். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் எதிர்ப்பக்கத்து நாற்காலிதான் கிடைக்கும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது குணங்களை விட்டுவிடுங்கள். கடைசியாக நடந்த பயிற்சிக்கு எந்த வயதுக்காரர்களை அனுப்பினார்கள், ஆள் குறைத்தபோது யார் முதலில் போனார்கள், கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை எப்போதும் யார் தலையில் விழுகிறது, 'இளமைத் துடிப்புள்ளவர் தேவை' என்ற விளம்பரத்தை எழுதியவர் யார் என்று நான்கு நிறுவனங்களிடம் கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்