கண்களுக்குக் கீழ் செலுத்தப்பட்ட ஃபில்லர் ஊசி: புகாரும் கோரிக்கையும்

அனுப்புநர்:
தங்கள் சிகிச்சையகத்தில் சிகிச்சை பெற்றவர்
(பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவை இணைப்புத் தாளில் உள்ளன)

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
அழகியல் சிகிச்சை நிறுவனம்

நகல்: தலைமை மருத்துவர் அவர்கள்

பொருள்: கண்ணைப் பரிசோதிக்காமல் ஃபில்லர் ஊசி போட்டது, அதன் பின்விளைவுகளுக்குப் பொறுப்பேற்க மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் சிகிச்சையகத்தில் என் இரு கண்களுக்கும் கீழே ஹயலுரோனிக் அமில ஃபில்லர் (தோலுக்கடியில் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் ஜெல்) ஊசி போடப்பட்டது. அதைச் செய்துகொண்டதற்காக இன்று நான் மிகவும் வருந்துகிறேன். ஊசி போட்டவருக்குக் கைத்திறன் இல்லை என்றோ, அறை சுத்தமாக இல்லை என்றோ நான் குறை கூறவில்லை. ஃபில்லரால் தீராத ஒரு குறைக்கு, என் கண்ணை ஒரு மருத்துவர் முறையாகப் பார்ப்பதற்கு முன்பே, தங்கள் நிறுவனம் ஃபில்லரை விற்றுவிட்டது என்பதே என் புகார். பின்னர் வந்த வீக்கம், நீலநிறம், மாதக்கணக்கான அலைக்கழிப்பு எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே கிளைத்தன.

நன்றாக உறங்கி எழுந்த பின்னும் முகம் களைத்துத் தெரிகிறது, கண்ணுக்குக் கீழே கருமையாக இருக்கிறது என்ற குறையோடுதான் நான் தங்களிடம் வந்தேன். கருவளையம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குக் காரணங்கள் பல. தோலில் நிறமி கூடியிருக்கலாம். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான் என்பதால், அதனூடே இரத்தக் குழாய்கள் தெரியலாம். கண் குழியில் இருக்கும் கொழுப்பு முன்னே பிதுங்கி, அந்த மேட்டின் நிழல் கீழே விழலாம். அல்லது உண்மையாகவே அங்கே பள்ளம் இருக்கலாம். இவற்றுள் ஃபில்லர் நிரப்பக்கூடியது பள்ளத்தை மட்டுமே. நிறமியை அது மாற்றாது. கொழுப்புப் பிதுக்கமும் நீர்கோக்கும் இயல்பும் உள்ள கண்ணில் அதைப் போட்டால், மேடு இன்னும் மேடாகும். என் கண்ணில் இருப்பது எது என்று கண்டறிவதுதான் சிகிச்சையின் முதல் படியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என்னிடம் முதலில் பேசியவர் மருத்துவரே அல்லர். ஆலோசகர் என்ற பெயரில் அமர்த்தப்பட்டிருந்த ஓர் அலுவலர். அவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், 'உங்களுக்குப் பள்ளம்தான், ஒரே சிரிஞ்சில் சரியாகிவிடும்' என்று சொல்லி, விலைப்பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். காலையில் வீக்கம் கூடுதலாக இருக்கிறதா, ஒவ்வாமை உண்டா, கண்ணை அடிக்கடி கசக்குவீர்களா என்று எவரும் கேட்கவில்லை.

பிறகு நான் அணுகிய கண் இமை ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் முதலில் செய்த காரியம், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்க்கச் சொன்னதுதான். மேலே பார்க்கும்போது கீழிமை மேடு இன்னும் பிதுங்கினால் அது கொழுப்பு என்று விளக்கினார். என் கண்ணில் அப்படித்தான் பிதுங்கியது. அதற்குக் கருவியும் தேவைப்படவில்லை, அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தைத் தங்கள் சிகிச்சையகம் எனக்கு ஒதுக்கியிருந்தால் இக்கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

சிகிச்சைக்குச் சம்மதிக்க எனக்குக் காட்டப்பட்ட முன்-பின் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே முறையில் எடுக்கப்பட்ட என்னுடைய படங்களே இப்போது என் கையில் இருப்பதால், உறுதியாகவே சொல்கிறேன். 'முன்' படத்தில் நான் முகத்தைச் சற்றுத் தாழ்த்தியிருக்கிறேன். வெளிச்சம் கூரையிலிருந்து விழுகிறது. கண்ணின் கீழே நிழல் அடர்ந்திருக்கிறது. 'பின்' படத்தில் முகவாய் உயர்ந்திருக்கிறது. அந்தப் படத்தில் என் கருவிழிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விழிகளிலும் ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. அது முகத்துக்கு நேரே வைக்கப்பட்ட வட்ட விளக்கின் பிரதிபலிப்பு. 'முன்' படத்தில் அந்த வளையம் இல்லை. நேர் எதிரே விளக்கை வைத்தால் யாருடைய முகத்திலும் கண்ணடி நிழல் மறைந்துபோகும். அதற்கு ஊசி தேவையில்லை. தங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களையும் இதே போலப் பெரிதாக்கிப் பார்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்புதல் படிவம் பெறப்பட்ட விதம் இதைவிடக் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது. கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் களிம்பைப் பூசி, கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிச் சற்று நேரம் கழித்து, ஒரு டேப்லெட் கணினியை என் கையில் கொடுத்து 'இங்கே ஒரு கையெழுத்து' என்றார்கள். களிம்பு கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பாதி மூடிய கண்களோடு, எழுத்துகள் கலங்கித் தெரிய, காட்டிய இடத்தில் விரலால் கையொப்பமிட்டேன். பின்னாளில் நகல் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான், 'அரிதாகப் பார்வை இழப்பு நேரலாம்' என்ற வரி அதில் இருப்பதைக் கண்டேன். ஃபில்லர் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் செலுத்தப்பட்டால் தோல் அழுகல், பார்வை இழப்பு, பக்கவாதம் ஆகியவை நேரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இலேயே எச்சரித்திருக்கிறது. முகத்தின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குள் செல்லும் தமனியோடு தொடர்புடையவை. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிட்டால், மீட்பதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அரிதானதுதான், எனக்கு அது நேரவுமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய செய்தியை ஒருவர் கண்ணைத் திறந்து படிக்க முடியாத வேளையில் நீட்டுவது ஒப்புதல் பெறுவதாகாது.

அளவு குறித்தும் எனக்குக் கேள்வி உண்டு. கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போடும்போது குறைவாகப் போட்டு, சில வாரங்கள் கழித்துப் பார்த்து, தேவையானால் மட்டுமே கூட்டுவது கவனமான மருத்துவர்களின் வழக்கம். ஜெல் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. போட்ட அன்று தெரிவதைவிடப் பின்னர் பருக்கும். எனக்கோ ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சு முழுவதும் ஒரே அமர்வில் காலி செய்யப்பட்டது. பாதியில் நிறுத்தலாமே என்று நான் கேட்டதற்கு, 'பணம் கட்டியது முழு சிரிஞ்சுக்குத்தானே, வீணாக்க வேண்டாம்' என்ற பதில் கிடைத்தது. மீந்த மருந்தை வைப்பதற்கான இடமாக என் இமை கருதப்பட்டது என்பதை இன்னமும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் சில நாட்களின் வீக்கம் இயல்பானதே என்று நானும் பொறுத்திருந்தேன். ஆனால் வாரங்கள் கடந்த பின்னும் அது வடியவில்லை. காலையில் எழும்போது கன்னத்தின் மேல்விளிம்பில், இமைக்கும் கன்னத்துக்கும் இடையே, வரப்பு போட்டது போல ஒரு மேடு நிற்கிறது. நண்பகலுக்குள் ஓரளவு தணிகிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே அளவுக்கு வந்துவிடுகிறது. மேக்கப் போட்டு மறைக்க முயன்றால், அது மேட்டின் விளிம்பில் தேங்கி, இன்னும் துலக்கமாகக் கோடு போட்டுக் காட்டுகிறது. இடது கண்ணின் உள்மூலையில் தோலுக்கடியில் சாம்பல் கலந்த நீலம் படர்ந்திருக்கிறது. பழைய கருமையைப் போக்க வந்த எனக்கு, புதிதாக ஒரு நிறம் கிடைத்திருக்கிறது. ஜெல் தோலின் மேற்பரப்புக்கு மிக அருகே இருந்தால் ஒளி சிதறி இப்படி நீலம் தெரியும், இதை டின்டால் விளைவு என்பார்கள் என்று பின்னர் பார்த்த மருத்துவர் கூறினார். அல்ட்ராசவுண்டில் ஜெல் இருக்கவேண்டிய ஆழத்தில் இல்லாமல் மேலடுக்கில் திட்டாகத் தேங்கியிருப்பதையும், அது நிணநீர் வடிவதற்குத் தடையாக நிற்பதாகத் தோன்றுவதையும் திரையிலேயே சுட்டிக்காட்டினார். அவருடைய அறிக்கையை இணைத்துள்ளேன்.

இந்த நிலையைத் தங்கள் சிகிச்சையகத்தில் தெரிவித்தபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றே: 'உடலில் இயற்கையாகவே இருக்கும் பொருள்தான்; ஓராண்டுக்குள் தானாகக் கரைந்துவிடும்.' இதில் பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்லியிருக்கிறீர்கள். உடலில் இயற்கையாக இருக்கும் ஹயலுரோனிக் அமிலம் ஓரிரு நாட்களில் சிதைந்து புதுப்பிக்கப்படுவது. ஃபில்லரில் இருப்பதோ, அவ்வளவு விரைவில் சிதைந்துவிடக் கூடாது என்பதற்காகவே வேதிமுறையில் குறுக்குப் பிணைப்பு செய்யப்பட்ட ஜெல். ஈராண்டு கடந்த பின்னும் அது முகத்தில் தங்கியிருப்பது எம்.ஆர்.ஐ. படங்களில் காணப்பட்டிருக்கிறது. அசைவு குறைந்த கண்ணடிப் பகுதியில் அது நீண்ட காலம் நிற்பதைத் துறையில் உள்ள மருத்துவர்கள் அறிவார்கள்; தங்கள் மருத்துவரும் அறியாதவராக இருக்க முடியாது. அப்படியிருக்க, 'காத்திருங்கள்' என்பது மருத்துவ ஆலோசனையா, அல்லது வாடிக்கையாளர் சலித்துப்போய் விட்டுவிடட்டும் என்ற ஏற்பாடா?

கடைசி முறை வந்தபோது, மேட்டுக்குக் கீழே கன்னத்தில் இன்னொரு சிரிஞ்சு போட்டால் விளிம்பு தெரியாது, டச்-அப் என்பதால் தள்ளுபடி உண்டு என்றார்கள். ஃபில்லரால் வந்த குறையை மறைக்க மேலும் ஃபில்லர் விற்க முன்வந்த அந்த நொடியில்தான், இவ்விடத்தில் இனி வாய்மொழியாகப் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

இப்போது எனக்கு இருக்கும் வழி, ஹயலுரோனிடேஸ் என்னும் நொதியை ஊசி மூலம் செலுத்தி ஜெல்லைக் கரைப்பது. அதுவும் சிறு காரியமன்று. ஒரே முறையில் முழுவதும் கரையாமல் போகலாம். கரைந்த பின் தோல் தளர்ந்து, முன்பிருந்ததைவிட இடம் ஒடுங்கித் தெரியலாம். அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். தேனீயின் நஞ்சிலும் ஹயலுரோனிடேஸ் இருப்பதால், தேனீ கொட்டி எப்போதாவது மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்று அந்த மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதே நொதிதான், ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால் உடனடியாகச் செலுத்தவேண்டிய அவசர மருந்தும் ஆகும். எனக்கு ஊசி போட்ட அன்று அது தங்கள் சிகிச்சையகத்தில் இருப்பில் இருந்ததா என்று எழுத்தில் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

கரைப்பதற்கு முன் அந்த மருத்துவர் கேட்ட இன்னொரு விவரம், உள்ளே இருப்பது எந்த ஃபில்லர் என்பது. குறுக்குப் பிணைப்பின் அளவு வகைக்கு வகை மாறும். சில வகைகளைக் கரைக்க நொதி அதிகம் தேவைப்படும். ஹயலுரோனிக் அமிலம் அல்லாத ஃபில்லராக இருந்தால் இந்த நொதி பயன்படவே பயன்படாது. உரிய நிறுவனத் தயாரிப்புகளின் பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை உரித்து நோயாளியின் பதிவேட்டில் ஒட்டுவது நடைமுறை. என் கோப்பின் நகலில் அப்படி ஒரு சீட்டும் இல்லை. 'ஃபில்லர், 1 மி.லி.' என்று கையால் எழுதிய ஒரு வரி மட்டுமே இருக்கிறது. வரவேற்பு மேசையில் விசாரித்தபோது, 'நல்ல கம்பெனி மருந்துதான் போடுவோம்' என்றார்கள். என் முகத்துக்குள் இருக்கும் பொருளின் பெயரை நான் இப்படிக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பது முறையல்ல.

எனவே நான் கோருவது இவை. எனக்குச் செலுத்தப்பட்ட ஃபில்லரின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றையும், ஊசி போட்டவரின் மருத்துவத் தகுதியையும் பதிவு எண்ணையும், கருவிகளில் பதிவான என் எல்லாப் படங்களையும் உடனடியாக அனுப்ப வேண்டும். கரைக்கும் சிகிச்சை இதற்காகவே காத்திருப்பதால் இதில் தாமதம் கூடாது. சிகிச்சைக்கு நான் செலுத்திய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நான் தேர்ந்தெடுத்த மருத்துவரிடம் ஜெல்லைக் கரைப்பதற்கும், அல்ட்ராசவுண்டுக்கும், அதைத் தொடர்ந்த மறுபார்வைகளுக்கும் ஆகும் செலவைத் தங்கள் நிறுவனம் ஏற்க வேண்டும். அந்தச் சிகிச்சையைத் தங்களிடமே இலவசமாகச் செய்து தருவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அதை நான் ஏற்கவில்லை. என் முகப் படங்களை விளம்பரத்திலோ, பிறருக்குக் காட்டும் தொகுப்பிலோ பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை. பயன்படுத்தியிருந்தால் உடனே நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

பணம் சாராத ஒரு கோரிக்கையும் உண்டு. எனக்கு இதுவே முதன்மையானது. கண்ணைச் சுற்றிய எந்த ஊசிக்கும் முன்பு, கட்டணம் பேசப்படும் முன்பே, ஒரு மருத்துவர் நேரில் பரிசோதித்து, ஃபில்லர் பொருந்துமா பொருந்தாதா என்பதைக் கோப்பில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒப்புதல் படிவம் களிம்பு பூசும் முன்பே, முடிந்தால் முந்தைய நாளே, வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். இந்த மாற்றம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதைத் தங்கள் பதிலில் குறிப்பிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பொறுப்பான மருத்துவரின் கையொப்பத்தோடு எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசி அழைப்புகளைப் பதிலாகக் கொள்ள மாட்டேன். அதற்குள் பதில் வராவிட்டால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் மருத்துவர்களின் பதிவைக் கண்காணிக்கும் அமைப்பிடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் அளிப்பேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்புகள்: அடையாள விவரத் தாள், கட்டண ரசீது நகல், ஒப்புதல் படிவ நகல், முன்-பின் படங்களும் கருவிழிப் பகுதியின் பெரிதாக்கிய படிகளும், கண் இமை ஒட்டறுவை மருத்துவரின் அறிக்கை.