சுமத்ரா எந்தப் பக்கம்?

அன்பு மகளுக்கு,

பேரனுக்குப் புவியியல் பாஸ் மார்க் வந்தால் போதும், கணக்கைப் பார்க்கட்டும் என்று நேற்று போனில் சொன்னாய். எந்த நாடு எங்கே என்று செல்போனே காட்டிவிடும் என்றாய். சரிதான் அம்மாடி. ஆனால் தேடிப் பார்க்க முதலில் மனதில் தோன்ற வேண்டுமே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்குக் கட்டில் ஆடியது. கன்டெய்னர் லாரி போகிறது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். அப்புறம் டிவியில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுப் பக்கம் நிலநடுக்கம் என்றார்கள். அது எங்கேயோ இருக்கிற ஊர் என்று நினைத்து, உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பினேன். நமக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருப்பது வங்கக்கடல்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அந்த அலை இங்கே வந்துவிட்டது. படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உன் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடிய ஓட்டம் இன்னும் கனவில் வருகிறது.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி கடற்கரையில் நின்றிருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு, பின்வாங்காமல் மேலே மேலே வந்ததைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். அம்மா அப்பாவிடம் கத்திச் சொன்னாள். கரையில் இருந்த நூறு பேர் வரை தப்பித்தார்கள். சுனாமி என்ற சொல்லையே நான் அன்று மாலைதான் கேட்டேன். பள்ளியில் எனக்கும் புவியியல் இருந்தது. தலைநகரங்களை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன்.

பேரனிடம் தலைநகரங்களை ஒப்பிக்கச் சொல்லாதே. அவனுக்குப் பிடித்த அத்தோவில், அந்த பர்மா நூடுல்ஸில் ஆரம்பி. அது ஏன் சென்னையில் கிடைக்கிறது என்று கேள். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக் கடைகளை அரசுடைமை ஆக்கியதும், நம் ஜனங்கள் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார்கள். ரங்கூனிலிருந்து சென்னை வரை அவனே விரலால் கோடு இழுக்கட்டும்.

மே மாத லீவுக்கு அவனை அனுப்பி வை. பாரிமுனையில் பெரிய உலக வரைபடம் வாங்கி வந்து கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதில் காசிமேடு இல்லை. பேனாவால் நானே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா