வெல்லம் மெதுவாகத்தான் வளரும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டில் என் தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்ததா? நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

என் மகள் கொண்டுவந்த நாய்க்குட்டியைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய் அல்லவா, அதை என் வீட்டுக்காரியான உன் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. 'பெரிய ஜாதி, வயிறு முட்டப் போடு, ராகிக் கஞ்சி ஊற்று, முட்டை ஓட்டைப் பொடித்துக் கலந்து கொடு, எலும்பு இரும்பாகும்' என்று நீ எழுதியது அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. "அண்ணனே சொல்லிட்டார்" என்று அன்று மதியமே அதற்கு ஒரு கை தயிர்சாதம் கூடுதலாக விழுந்தது. அதனால் இந்தக் கடிதம் பாதி நலம் விசாரிப்பு, பாதி வழக்கு.

முதலில் குட்டியைப் பற்றி. லேப்ரடார், பெண். அச்சுவெல்ல நிறம், அதனால் வெல்லம் என்றே பேர் வைத்தாயிற்று. எட்டு வார வயதில் வந்தபோது ஐந்து கிலோ. இப்போது நாலரை மாதம், பதினைந்தரை கிலோ. பால்பல் விழும் பருவம். போன வாரம் கூடத்தில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது, மகள் அதை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். என் இடது கால் செருப்பைப் பத்திரப்படுத்தத்தான் யாரும் இல்லை.

உனக்கு டைகர் நினைவிருக்கிறதா? மர்பி டவுன் வீட்டில் இருந்த அல்சேஷன். நீ கல்யாணமாகி முதல் தடவை இங்கே வந்தபோது தங்கச்சி மேல் காலைப் போட்டு நின்றானே, அவன்தான். அவனை நான் நீ சொல்கிற மாதிரியேதான் வளர்த்தேன். தினம் இரண்டு முட்டை, கறி, காலையும் மாலையும் கால்சியம் சிரப். சிரப்பைக் கையில் திணித்த கடைக்காரர், "சார், காது நிமிரணும்னா இது இல்லாம முடியாது" என்றார். ஆறு மாதத்தில் பீப்பாய் மாதிரி ஆகிவிட்டான். தெருவே நின்று பார்த்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஐந்து வயதில் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் பின்னங்காலை இழுத்தான். எக்ஸ்ரேயில் இடுப்புக் கிண்ணத்தில் எலும்பின் தலை சரியாக உட்காராமல் தேய்ந்துபோயிருந்தது. அந்த ஜாதிக்குப் பரம்பரையாகவே வருகிற கோளாறுதான், மறுக்கவில்லை. ஆனால் பரம்பரையாக வந்ததை நான் ஊட்டி ஊட்டிப் பெரிதாக்கினேன். இதை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அதனால் இந்தத் தடவை சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன், கோபப்படாதே.

குட்டியின் நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். சின்ன ஜாதி நாய்க்கு அது சீக்கிரமே மூடிக்கொள்ளும். இந்த மாதிரிப் பெரிய உடம்புக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரைக்கும் மூட்டு இன்னும் முழுதாக எலும்பாகாத ஈரச்சுவர். அதன்மேல் சீக்கிரம் சீக்கிரமாகப் பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? வேகமாக வளர்கிற குட்டி கடைசியில் கூடுதல் உயரமாகிவிடுவதில்லை. போக வேண்டிய இடத்துக்கு அவசரமாகப் போகிறது, அவ்வளவுதான். மெதுவாக வளர்ந்தாலும் அதே உயரம்தான்.

கால்சியம் விஷயம் இன்னும் வேடிக்கை. வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும், எலும்பு வளர்கிற ஒழுங்கே கெட்டுப்போகும். 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று அச்சிட்ட தீனியில் கால்சியமும் பாஸ்பரஸும் முன்பே அளவோடு சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தீனிக்கு அளவு வகுக்கிறவர்கள், வளர்ந்தபின் ஏறக்குறைய முப்பத்திரண்டு கிலோவும் அதற்கு மேலும் ஆகும் குட்டிகளுக்கென்றே தனியாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்: ஈரம் நீக்கிய தீனியில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது. அதன் தலையில் உன் முட்டை ஓட்டுத் தூளையும் கொட்டினால் என்ன நியாயம்?

உடனே நீ உன் ராஜபாளையத்தை இழுப்பாய், தெரியும். 2005-ல் தபால் தலையில் ஏறிய ஜாதி, கஞ்சி குடித்தே வளர்ந்தது, அதற்கென்ன குறை என்பாய். ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கு வேறு. சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் தின்கிற குட்டிக்குக் கால்சியம் நிஜமாகவே பற்றாது. அங்கே சேர்த்துத்தான் ஆக வேண்டும், அதையும் டாக்டரிடம் அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும். உன் நாய் தோட்டத்தில் பகலெல்லாம் ஓடுகிறது, ஒல்லியான உடல்வாகு. வெல்லம் இரண்டாவது மாடியில் சோபாவுக்குக் கீழே படுத்திருக்கிறாள். லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இவள் அந்த நாலில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பிட்டு முடித்த மறுநிமிஷம் காலிக் கிண்ணத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் எதிரில் உட்காருவாள்.

வந்த புதிதில் நாலு வேளை. இப்போது மூன்று வேளை, ஆறு மாதமானதும் இரண்டு. சமையலறைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்து வைக்கிறேன். தோசை முனை, பிஸ்கட் எல்லாம் அந்தக் கணக்கில் கழியும். எதிர்வீட்டு அம்மா, "பாவம், விலா தெரியுதே, பட்டினி போடுறீங்களா?" என்று கேட்டார். விலாவைக் கண்ணால் பார்த்துப் பயனில்லை, தடவிப் பார்க்க வேண்டும். உன் கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவிப் பார். குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. முஷ்டி மடக்கினால் தெரிகிற கணு மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் நம் டைகர். இதை அந்த அம்மாவுக்கும் செய்து காட்டினேன். தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நாற்பத்தெட்டு லேப்ரடார்களை எட்டு வார வயதிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, சாகும்வரை பார்த்திருக்கிறார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் தாமதமாகத்தான் வந்தது. உன் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் நாளையிலிருந்து முக்கால் பங்குதான்" என்றாள்.

அப்புறம் மாடிப்படி. எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்குள் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாக வந்ததாகவும், அதே வயதில் புல்வெளியில் இஷ்டப்படி திரிந்தவற்றுக்குக் குறைந்ததாகவும் நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆக, தினம் நாலு தடவை நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். ஐந்து கிலோவில் ஆரம்பித்தது, பதின்மூன்றில் என் முட்டி கைவிட்டது. இப்போது பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நடத்திக் கூட்டிப்போகிறேன். கூடத்து டைல்ஸில் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கியது. ஜமக்காளம் விரித்தேன், அதுவும் சேர்ந்து வழுக்கியது. கடைசியில் மகளின் யோகா பாய்கள்தான் கைகொடுத்தன.

தடுப்பூசியெல்லாம் முடிந்தது. ஆறேழு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது மாதம் ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காதாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மழைக்காலத்தில் இங்கே உண்ணித் தொல்லை வேறு.

இதில் ஒரு சிக்கல். ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது, பார்வோ என்கிற வைரஸ் கழிச்சல் வந்தால் இரண்டு மூன்று நாளிலேயே குட்டி போய்விடலாம். ஆனால் மனிதர், சத்தம், வண்டி என்று உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்கிற வயதும் மூன்று மாதத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நோய் வராது, பயந்தாங்கொள்ளிதான் வரும். டாக்டரிடமே வழி கேட்டேன். "தூக்கிட்டுப் போங்க, கீழே விடாதீங்க" என்றார். உன் தங்கச்சியின் பழைய புடவையில் தொட்டில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் ஊர்வலம். சோமேசுவரர் கோயில் வாசலில் மேளச் சத்தம் கேட்டாள், ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பக்கம் பள்ளிப் பிள்ளைகளிடம் கொஞ்சல் வாங்கினாள், பேருந்து ஹாரனுக்கு முதல் நாள் நடுங்கி மூன்றாம் நாள் கொட்டாவி விட்டாள். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "எத்தனை மாசம் சார் பாப்பாவுக்கு?" என்று கேட்டுவிட்டு, துணியிலிருந்து மூக்கு வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது ஞாயிறு காலையில் கப்பன் பூங்காப் புல்லில் நடை. பந்தை உயரே எறிந்து குதிக்க வைப்பதில்லை, சைக்கிளோடு ஓட்டுவதும் இல்லை. அவளாக ஓடுவாள், அவளாக உட்காருவாள், நாங்களும் உட்கார்ந்துவிடுவோம். கருத்தடையைக்கூட ஒரு வயதாகட்டும் என்று டாக்டர் தள்ளிப்போட்டிருக்கிறார்.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். தங்கச்சியையும் அழைத்து வா. டைகர் மாதிரி இவள் மேலே பாய மாட்டாள், இப்போதே உட்காரப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ கட்டாயம் வேண்டும். அதை வாசலிலேயே என் கையில் கொடுத்துவிடு. உன் தங்கச்சி கண்ணில் பட்டால் வெல்லத்துக்குப் பங்கு போய்விடும், வெல்லத்தின் கண்ணில் பட்டால் எனக்கே மிஞ்சாது.

உன்
வேலு