வாளுக்கு முன்னால் களிம்பு

ஆசிரியருக்கு,

வாளேந்திய நாயகியர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அமெரிக்க எழுத்தாளர் ராபின் மெக்கின்லியின் ‘தி ஹீரோ அண்ட் த கிரவுன்’ (1984) விடுபட்டுவிட்டது. சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கத்தை 1985இல் பெற்ற நாவல் அது. முதல் தடவை, கறுப்பு டிராகன் மவுர் எப்போது சாகும் என்றே பக்கங்களைத் தள்ளுவோம். மறுவாசிப்பில் கண் நிற்பது களிம்பில். தீ சுடாமல் காக்கும் ‘கெனெட்’ செய்முறை இளவரசி ஏரினுக்குப் பழைய நூலொன்றில் கிடைக்கிறது. சரக்குகளின் பெயர் உண்டு, அளவு இல்லை. ஒன்றைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்து, மரத்துண்டில் தடவித் தீயில் காட்டுகிறாள். கருகுகிறது. மறுபடி கலக்குகிறாள். வருடக்கணக்கில் இதே வேலை! நாய் அளவு டிராகன்களின் தீயைத் தாங்கிய களிம்பு மவுரிடம் தோற்கிறது. அங்கேதான் கதை கனக்கிறது. நொண்டிக் குதிரை தாலட்டைப் பழக்கும் பக்கங்களும் அப்படித்தான், அவசரமே இல்லை.

புதியவர்கள் அதே உலகில் நடக்கும், 1982இல் வந்த ‘தி ப்ளூ சோர்ட்’ நாவலை முதலில் எடுக்கட்டும். கதைக்காலத்தில் அது பல நூற்றாண்டு பிந்தியது. ஏரின் அதில் பழங்கதை. அதன் நாயகி ஹாரி ஆறே வாரத்தில் வாள் பயின்றுவிடுவது கொஞ்சம் வேகம்தான். இரண்டையும் முடித்து மீண்டும் ‘தி ஹீரோ அண்ட் த கிரவுன்’ நாவலைப் புரட்டினால், இரண்டிலும் வரும் ‘கோன்ட்டுரன்’ என்ற வாளின் பெயர் வரும் இடமெல்லாம் வேறு மாதிரி ஒலிக்கும்.

வாசகர், மதுரை