பெரிய கம்பெனி விலையைக் குறைச்சா நாமளும் குறைக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பிசினஸ் பக்கத்துல வந்த கட்டுரை படிச்சேன். பெரிய கம்பெனி விலையை இறக்கினா சின்ன கம்பெனியும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதே விலைக்கு குடுக்கணும், இல்லன்னா கஸ்டமர் போயிடுவாங்கன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள்? அதை முடிவு பண்றது கையில காசு அதிகமா வச்சிருக்கிறவன் தானே.

1973ல அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பறக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல, முந்தின வருஷம் தான் காசில்லாம, இருந்த நாலு விமானத்துல ஒண்ணை வித்துட்டு, இறங்கின விமானத்தை பத்தே நிமிஷத்துல திரும்ப கிளப்பி மூணை வச்சே நாலோட வேலையை ஓட்டிட்டு இருந்தாங்க. லாபம் வந்தது டல்லாஸ்-ஹூஸ்டன் ரூட்ல மட்டும் தான், கரெக்டா அங்கேயே பிரானிஃப்ங்கிற பெரிய ஏர்லைன் டிக்கெட்டை பாதியாக்கி 13 டாலர்னு போட்டான். அவனுக்கு வேற ரூட்ல வருமானம் இருக்கு, இவங்களுக்கு இதை விட்டா கதி இல்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னா, 13 டாலருக்கும் வரலாம், முழுசா 26 டாலர் குடுத்தா ஒரு பாட்டில் விஸ்கி ஃப்ரீன்னுட்டாங்க. ஆபீஸ் வேலையா போறவருக்கு டிக்கெட் காசை கம்பெனி குடுத்துடும், பாட்டில் நேரா வீட்டுக்கு! முக்கால்வாசி பேர் 26 தான் கட்டினாங்க. (இது நியாயமான்னு கேட்டா அது தனி விவாதம்.) போறவர் ஒருத்தர், பணம் கட்டறது இன்னொருத்தர்னு கவனிச்சதுக்கு முதலீடு ஒண்ணும் தேவைப்படல பாருங்க.

இன்னொண்ணு, காப்பி அடிச்சா பெரியவனுக்கே அடி விழற இடமா தேடணும். ஜெராக்ஸ் கம்பெனி பெரிய காப்பி மெஷினை வாடகைக்கு விட்டு சர்வீஸ்லயும் சம்பாதிச்சுட்டு இருந்தாங்க, 1982ல கேனான் டிரம் (பிம்பம் விழற உருளை), டோனர் (மைத்தூள்) எல்லாத்தையும் ஒரே கார்ட்ரிட்ஜ்ல அடைச்ச குட்டி காப்பியரை இறக்கினாங்க, தீர்ந்தா யூஸ் பண்றவரே மாத்திக்கலாம், சர்வீஸ் ஆளுக்கு வேலையே இல்ல. அதையே ஜெராக்ஸ் செஞ்சா தன் வருமானத்துல தானே கை வைக்கணும். கேனான் ஒண்ணும் சின்ன கம்பெனி இல்ல தான், ஆனா ஜெராக்ஸ் அளவுக்கு சர்வீஸ் ஆளுங்களை வச்சு மோதறது அவங்களுக்கே கட்டுப்படியாகாத விஷயம்.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போட்டா, விலையைக் குறைங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி கையிருப்பு எத்தனை மாசம் தாங்கும்னு கணக்கு போடறது எப்படின்னு ஒரு பெட்டிச் செய்தியாவது சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர்